துப்பாக்கி இல்லாத தோட்டா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலையத்தில் ஒருவரின் கைப்பையில் ஒற்றைத் தோட்டா சிக்கிய செய்தியைச் சென்ற இதழில் கிண்டலாக எழுதி, "துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தால் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்று முடித்திருந்தீர்கள். சிரிப்பு வரட்டும் என்று எழுதியிருப்பீர்கள். எனக்கு வரவில்லை.

அடுப்பில் விழுந்தாலும் வெடிக்கும், பிள்ளைகள் அடியில் ஆணி வைத்துத் தட்டினாலும் வெடிக்கும். துப்பாக்கிக் குழல் இல்லாததால் குண்டு அவ்வளவு வேகமாகப் பாயாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் பித்தளை உறை கிழிந்து தெறிக்குமே, கண் போவதற்கு அது போதாதா? இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவன் நான். காட்டுப்பன்றிக்காக அப்பா உரிமம் எடுத்த துப்பாக்கி, இப்போது என் பெயரில் இருக்கிறது. துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம், இரண்டுக்கும் தனிப் பூட்டு. அது அப்பா போட்ட சட்டம். ஆனால் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டில் 12 போர் தோட்டாவும் 20 போர் தோட்டாவும் (போர் என்பது குழலின் அளவு) ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடந்ததைப் பார்த்தேன். 20 போர் மெலிசு. அவசரத்தில் 12 போர் துப்பாக்கியில் போட்டால் வழுக்கிக்கொண்டு போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும், தாங்கிப் பிடித்த கை மிஞ்சாது. 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே இதற்காகத்தான். பாட்டிலில் கிடந்த பழைய தோட்டாக்களில் நிறம் எங்கே தெரிந்தது? மலை ஈரத்தில் காகித உறை உப்பி, பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. இதில் ஆயுத பூஜை அன்று சந்தனம் வேறு பூசி, விளக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பூரம் காட்டுகிறார்கள். சாமி காப்பாற்றுகிறது, வேறென்ன!

அரசாங்கமும் துப்பாக்கியை மட்டும்தான் எண்ணுகிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஒருவருக்கு 2 துப்பாக்கிதான் என்று வந்ததும் பலர் மூன்றாவதை ஒப்படைத்தார்கள். அதற்கு வாங்கிய தோட்டாவை யாராவது கேட்டார்களா? தேர்தல் சமயத்தில் என் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்த காவல் நிலையத்தில், "தோட்டாவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது, வீட்டிலேயே வச்சுக்குங்க" என்றார்கள். எங்கள் பக்கம் ஒரு அம்மா, கணவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியில் கிடந்த தோட்டாக்களை ஒப்படைக்கப் போனார். யார் கொடுத்தது, இத்தனை நாள் ஏன் வைத்திருந்தீர்கள் என்று குறுக்கு விசாரணை நடந்தது. பயந்துபோய்த் திருப்பி எடுத்துவந்து, ஆள் விட்டுச் சோலைக்குள் வீசச் சொல்லிவிட்டார். அங்கே சுள்ளி பொறுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது? வைத்திருக்கும் உரிமை எந்தக் காரணத்தால் போனாலும் சரி, தாமதமில்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. தோட்டாவுக்கும் சேர்த்துத்தான். அந்த அம்மா செய்யப் பார்த்தது சட்டப்படியான காரியம். அதை எழுத உங்களுக்கு இடம் இருக்காது, கிண்டலுக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

இன்னொன்று. யானை வாயைக் கிழிக்கும் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) பற்றிச் செய்தி வந்தாலும், நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டாலும், நீங்கள் போடுவது ஒரே படம்: பளபளவென்று கைத்துப்பாக்கித் தோட்டா ஐந்தாறு. பல வருடமாக அதையே பார்க்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 21ஆம் பிரிவை நாலு வரியில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள், ராசிபலனுக்குப் பக்கத்தில் என்றாலும் சரி. படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், 12 போர் தோட்டாவை நானே படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய வாசகர் ஒருவர்,
கோத்தகிரி