டாக்டரம்மாவுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் நன்றி

புற்றுநோயில் இறந்துபோன அப்பாவின் காரியம் முடிந்துவிட்டது. நடந்ததெல்லாம் தண்டையார்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். திரும்ப எழுத மனம் வரவில்லை. ரத்தம் கொடுத்த பசங்க, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோ எடுத்த அண்ணன், கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பிய அக்காக்கள், வார்டு சிஸ்டர்கள், உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

மீதியெல்லாம் அந்த இளம் டாக்டரம்மாவுக்கு.

முதலில் போன இடத்தில், வராந்தாவில் நின்றபடியே "முத்திப்போச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். அப்பாவிடம் யாரும் ஒன்றும் பேசவில்லை. இந்த டாக்டரம்மா ஸ்கிரீனை இழுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க ஐயா?" என்று அப்பாவையே கேட்டார். அப்புறம், "எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லட்டுமா, பையன்கிட்ட பேசட்டுமா?"

"என்கிட்டயே சொல்லும்மா."

"நல்ல சேதி இல்ல ஐயா" என்று சொல்லிக் கொஞ்சம் பொறுத்துத்தான், கட்டி ஈரல் வரைக்கும் பரவிவிட்டதைச் சொன்னார். அப்பா அழுதார். டாக்டரம்மா எழுந்து போகவில்லை, அவசரமாக ஆறுதலும் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை இருந்தார்.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "இனிமே காசு செலவு பண்ணி பிரயோஜனம் உண்டாம்மா?"

"குணமாக்கன்னு கடன் வாங்காதீங்க. வலி இல்லாம பாத்துக்க மருந்து இருக்கு, அது எங்க பொறுப்பு." பெரிய டாக்டரிடம் பேசி மார்ஃபின் என்ற வலி மாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். மறுநாளும் வந்து, நேற்று சொன்னதில் என்ன புரிந்தது என்று கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்த அப்பா சீட்டுக் கணக்கை முடித்தார். காசிமேட்டுக் கூட்டாளிகளை வரவழைத்து உட்காரவைத்துப் பேசினார். விஷயம் தெரியாமல் போயிருந்தால் அந்த நாட்களையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தே தொலைத்திருப்போம்.

இப்படிப் பேச எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கெட்ட சேதி சொல்வதற்கென்றே 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படிகள் கொண்ட ஒரு முறை 2000இல் வெளியானதாம். 2019இல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசுவதும் பாடமாம். நடித்துப் பார்த்துப் பழகுவார்களாம். படித்ததை, கட்டிலுக்குக் கட்டில் ஆள் காத்திருக்கும் வார்டில் நேரம் ஒதுக்கிச் செய்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அப்படிப் பழகும் மாணவர்களுக்கு எதிரே நோயாளி வீட்டாராக உட்கார ஆள் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுங்கள் டாக்டரம்மா. கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.