குதிரைத்திறனுக்குக் கீழே விட்டுப்போன வரிகள்

ஆசிரியருக்கு,

வணக்கம். சிறிய கார்களின் பெட்ரோல் எஞ்சின்களை ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சிசி, குதிரைத்திறன், டார்க் (சுழற்றும் விசை), மைலேஜ் எல்லாம் அட்டவணையில் ஒழுங்காக இருந்தன. 'நம்பகத்தன்மை' என்ற இடத்தில் மட்டும் வெறும் நட்சத்திரக் குறிகள். ஒரு எஞ்சின் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டுமா, பாதியிலேயே பிரிக்க வேண்டி வருமா என்பதைச் சொல்லும் விவரங்கள் வேறு. வால்வுகளை நேரத்தோடு திறந்து மூட வைப்பது டைமிங் செயினா பெல்ட்டா, ஆயில் எத்தனை லிட்டர், எந்த கிரேடு, பெட்ரோல் எந்த இடத்தில் பீய்ச்சப்படுகிறது, வால்வைத் தள்ளும் டாப்பெட் எந்த வகை? இவை அந்தந்த காரின் கையேட்டிலும் சர்வீஸ் மேனுவலிலும் உள்ளவைதான். அட்டவணையில் ஐந்து வரி கூடியிருக்கும், அவ்வளவே.

கொடுத்த எண்களையும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். நிமிடத்துக்கு 3,500 சுழற்சியில் 90 நியூட்டன் மீட்டர் டார்க் என்றால், அந்த இடத்தில் எஞ்சின் தருவது 33 கிலோவாட், அதாவது 45 குதிரைத்திறன்தான். டார்க்கைச் சுழற்சியால் பெருக்கி 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். விளம்பரத்தில் சொல்லும் உச்ச எண் 6,000 சுழற்சியை ஒட்டித்தான் கிடைக்கிறது. அந்தப் பக்கம் அன்றாடம் யார் போகிறார்கள்?

'சிசி குறைந்தால் தேய்மானமும் குறையும்' என்ற வரியை ஏற்க முடியவில்லை. சுசூகியின் 998 சிசி கே10பி மூன்று சிலிண்டர். 1,197 சிசி கே12 நான்கு சிலிண்டர். இரண்டிலும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், அதே 73 மி.மீ.தான். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒரு முறை ஓடும் தூரம், மட்டும் முதலாவதில் 79.5, இரண்டாவதில் 71.5. ஆகவே 6,000 சுழற்சியில் சின்ன எஞ்சினின் பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 15.9 மீட்டர் ஓடுகிறது, பெரியதில் 14.3 மீட்டர். இரண்டுமே பயப்பட வேண்டிய வேகம் அல்ல. ஆனால் அதிகம் ஓடுவது சின்னதின் பிஸ்டன்தான்.

இனி ஆயில். கட்டுரையில் இதற்கு ஒரே வாக்கியம்! இந்த வகை எஞ்சின்களில் ஃபில்டரோடு சேர்த்து 3 முதல் 3.5 லிட்டர்தான் பிடிக்கும். ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மீதி ஆயில் அதே வெப்பத்தையும் அதே அழுக்கையும் சுமந்துகொண்டு வேகமாகச் சுற்றுகிறது, சீக்கிரம் கெடுகிறது. எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று பிஸ்டன் ரிங்குகளின் இறுக்கத்தை இப்போது குறைத்திருக்கிறார்கள். ஆயில் ரிங்கின் துளைகளில் கரி அடைத்தால் ஆயில் மேலேறி எரியத் தொடங்கும். சர்வீஸ் தேதி வரை காத்திராமல், சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஆயில் விளக்கை நம்ப வேண்டாம். அது அளவைச் சொல்வதில்லை, அழுத்தம் போய்விட்டதைச் சொல்கிறது. அதற்குள் பேரிங் உரசத் தொடங்கியிருக்கும்.

டைமிங் செயின் 'ஆயுள் முழுக்க' என்று கட்டுரை சொல்வதும் பாதி உண்மைதான். செயினை இறுக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் குறைந்தாலோ கெட்டாலோ, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடவென்று சத்தம் வரும். செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் இரும்பு நீள்வதில்லை, கண்ணிகளின் பின்கள் தேய்கின்றன. கேம் ஷாஃப்டின் நேரம் சில டிகிரி பின்தங்கியதும் பி0016 போன்ற பிழைக் குறியீடு காரின் கணினியில் பதிவாகும். சென்சாரை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டால் அதே குறியீடு திரும்பி வரும். மாற்றும்போது செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஆயிலுக்குள் ஓடும் பெல்ட் தனிக் கதை. ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்டிலும் பேஜோ-சிட்ரோயனின் 1.2 பியூர்டெக்கிலும் இந்த அமைப்புதான் வந்தது. தவறான ஆயிலும் ஆயிலில் கலக்கும் பெட்ரோலும் பெல்ட்டின் ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும். உதிர்ந்த துகள்கள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் அழுத்தம் போய் எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம். இரண்டுமே பிற்காலப் பதிப்புகளில் டைமிங் பெல்ட்டிலிருந்து செயினுக்கு மாறிவிட்டன. பழைய பதிப்பை வாங்குகிறவர் ஆயில் மூடியைத் திறந்து, அந்த வழியாகத் தெரியும் பெல்ட்டில் வெடிப்போ வீக்கமோ இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

டர்போவும் நேரடி உட்செலுத்தலும் சேர்ந்த எஞ்சின்களில் இன்னும் இரண்டு சிக்கல். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை, கரி படிகிறது. இன்னொன்று, குறைந்த சுழற்சியில் மேல் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது பொறி வருமுன்னே கலவை பற்றிக்கொள்வது. ஒரே அடியில் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடைப்பட்ட மேடு உடையலாம். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த எஸ்என் பிளஸ் ஆயில் தரமும் 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. எஸ்பி-யில் செயின் தேய்மானத்துக்கும் சோதனை உண்டு. டப்பாவில் 0டபிள்யூ-20 என்ற பாகுத்தன்மை கிரேடு இருந்தால் மட்டும் போதாது, அதன் பக்கத்தில் உள்ள இந்த எழுத்துகளையும் படிக்க வேண்டும்.

கூலன்ட் விஷயத்தில் கட்டுரை 'சூடேறினால் நிறுத்தவும்' என்று முடித்துவிட்டது. பல சிறிய கார்களில் வெப்பமானியே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் சென்சாரைச் சுற்றிக் காற்றும் நீராவியும்தான். சிவப்பு விளக்கு தாமதமாகவே எரியும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மி.மீ.தான், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ரேடியேட்டர் மூடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போனால் 100 டிகிரியிலேயே பொங்கும். பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூட்டில் காய்ந்த கூலன்ட்டின் வெள்ளைத் தடமோ நிறத் தடமோ தெரிந்தால், கசிவு தொடங்கியாயிற்று.

பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயில் 'பலவீனமான பாகம்' என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் குற்றவாளி காயில் இல்லை, தேய்ந்த பிளக். இடைவெளி கூடினால் பொறிக்கு அதிக வோல்ட் தேவை, காயிலின் காப்பு உடைகிறது. பழைய பிளக்கோடு புதுக் காயில் போட்டால் அதுவும் போகும். மிஸ்ஃபயரோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும்.

டாப்பெட் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. ஹைட்ராலிக் அல்லாத, அதாவது இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளாத டாப்பெட் உள்ள எஞ்சினில், குறிப்பாக கேஸில் ஓடும் காரில், எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்ந்து வால்வு மேலேறும், இடைவெளி சுருங்கும். அப்போது சத்தம் கூடாது, குறையும். 'எஞ்சின் மௌனமாகிவிட்டது' என்று மகிழும்போது வால்வு முழுதாக மூடாமல் கருகிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு திருத்தம். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் (கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) நடுங்கினால் 'உள்ளே தேய்மானம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அமைப்பில் முன்னும் பின்னும் ஆடும் இயல்பு இருக்கவே செய்யும். மவுண்ட் ரப்பர் தளர்ந்தாலும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி அழுக்கானாலும் அது கூடும். தேய்மானமா என்று அறிய கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க வேண்டும்: எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கும் வெளியே, இன்ஜெக்டரும் காயிலும் துண்டிப்பு, த்ராட்டில் முழுத் திறப்பு. சிலிண்டர்களுக்கிடையே ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்