உஜி தேநீர்ச் சங்க ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள், புத்தாண்டுத் தேநீர், கருவிகள் பராமரிப்பு எல்லாம் குறையின்றி நடந்தன. நம் நேரத்தையும் பேச்சையும் பெரிதும் எடுத்துக்கொண்டது வெளிநாட்டு விருந்தினர்களுக்கான தேநீர்ச் சடங்குதான். 2024ஆம் ஆண்டில் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 3 கோடியே 68 லட்சத்தைத் தாண்டியது. இதற்கு முன் இவ்வளவு பேர் வந்ததில்லை. நம் உஜி நகரின் ப்யோதோஇன் கோயிலைப் பார்க்க வந்தவர்களில் சிலர் நம் வாசலுக்கும் வந்தார்கள்.

ஆண்டின் பெரிய சர்ச்சை நாற்காலி. முழங்காலை மடித்து அமர முடியாதவர்களுக்கு மேசை போடலாமா என்று கேட்டதற்கு, "தத்தாமி பாயில் உட்காராமல் குடித்தால் அது கடைத் தேநீர்" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் வரலாறு அவர் பக்கம் இல்லை. 1872இல் கியோத்தோ கண்காட்சிக்கு வரும் வெளிநாட்டவரை எண்ணித்தான் உராசென்கே என்ற தேநீர்க் கலை மரபின் 11ஆம் தலைவர் கென்கென்சாய் மேசையும் முக்காலியும் கொண்ட ரியூரெய் முறையை வகுத்தார். 150 ஆண்டு கடந்த ஒன்றைப் புதுமை என்று எப்படி ஒதுக்குவது? அக்டோபர் முதல் ஒரு பகுதியில் ரியூரெய் நடக்கிறது. கால் மரத்துப்போய் நெளிபவர்கள் குறைந்தார்கள். கேள்வி கேட்பவர்கள் கூடினார்கள்.

சடங்குக்கு முன் சொல்லும் முன்னுரையையும் சுருக்கினோம். 16ஆம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் ரிக்யூவின் வாழ்க்கையையும், அவர் வழிவந்த மூன்று சென் குடும்பங்களின் கிளைக்கதையையும் சொல்லி முடிப்பதற்குள் விருந்தினர் களைத்துவிடுகிறார்கள். இனிப்பை முதலில் உண்ண வேண்டும், கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காமல் திருப்பிக் குடிக்க வேண்டும், இவ்வளவு போதும். மற்றவை அவர்கள் கேட்டால் மட்டும்.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கிறது. தேநீர்க் கருவிகளின் அரக்குப் பூச்சில் கீறல் விழுந்தால் போனது போனதுதான் என்று காரணம் சொன்னதும் ஒத்துழைக்கிறார்கள். கழற்ற வராத மோதிரத்துக்குக் காகித நாடா சுற்றுகிறோம். திருமண மோதிரத்தோடு வழக்காட நம்மால் ஆகாது. இனிப்புகள் பெரும்பாலும் பயறு, அரிசிமாவு, சர்க்கரையால் ஆனவை என்றாலும் சிலவற்றில் முட்டை உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடுகிறோம்.

செலவு கவலை தருகிறது. இலையுதிர் காலத்திலிருந்து மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூளுக்குத் தட்டுப்பாடு. கடைகள் ஒருவருக்கு இத்தனை டப்பாதான் என்று வரம்பு வைத்தன. உலகமே கேட்கிறது என்பதற்காக அதை அரைக்கும் கல் ஆலை வேகமாகச் சுற்றிவிடாது. ஒரு மணி நேரத்தில் அது அரைப்பது சுமார் 40 கிராம். ஒரு கிண்ணம் மெல்லிய தேநீருக்கு 2 கிராம் வேண்டும். ஆகவே விருந்தினர் தாமே கலக்கிப் பார்க்கும் கிண்ணத்துக்கு அன்றாடத் தரத் தூள். நாம் பரிமாறும் கிண்ணத்தின் தரத்தில் கைவைக்கவில்லை. தகாயாமா ஊரில் செய்யும் மூங்கில் கலக்கிகளும் அதிகம் பழுதாகின்றன. கிண்ணத்தின் அடியில் அழுத்தித் தேய்க்காதீர்கள் என்று கலக்குவதற்கு முன்பே சொல்லிவிடுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறேன்.

கிமோனோ அணிந்து படம் எடுக்க மட்டும் 20 நிமிட நிகழ்ச்சி நடத்தித் தரச் சுற்றுலா முகவர் ஒருவர் கேட்டார். மறுத்தோம். வருமானம் போனது என்று பொருளாளருக்கு வருத்தம். இந்த ஆண்டு எடுத்த முடிவுகளிலேயே நல்லது அதுதான் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பில் உதவிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு நன்றி. பொருளாளரின் வரவு செலவுக் கணக்கை அடுத்து, விருந்தினர் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது.

செயலாளர்