எத்தனை கிலோமீட்டர் போனால் தூரம்?

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்ததும் எழுத உட்கார்ந்தேன், நடுவில் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் அனுப்பினார், அப்புறம் அது இது என்று ஏழு நாள் ஓடிவிட்டது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பது போதும், ஒருதடவை நல்ல டாக்டரிடம் காட்டு. உன் தங்கச்சியும் அதையேதான் எழுதச் சொன்னாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பையன், என் மருமகன், புது வண்டியை எடுத்துக்கொண்டு ‘லாங் ரைடு’ போகிறேன் என்கிறான், திண்டுக்கல்லிலிருந்து கன்னியாகுமரி போய் வா என்றால் அதெல்லாம் லாங் ரைடே இல்லை என்று சிரிக்கிறான், எத்தனை கிலோமீட்டர் போனால்தான்டா அது தூரம் என்று எனக்கு எழுதியிருக்கிறாய். எனக்கும் இத்தனை வருஷமாகப் பிடிபடாத விஷயம் அது.

இந்த ஊரில் ஆளுக்கு ஒரு கணக்கு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஏர்போர்ட் ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். முழங்காலுக்குக் கவசம், ஹெல்மெட்டின் மேல் கேமரா, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. எங்கேப்பா என்றால் நந்தி மலை. 60 கி.மீ.! சூரியன் உதிப்பதைப் பார்த்து, இட்லி வடை சாப்பிட்டு, பத்து மணிக்கெல்லாம் வீட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆபீஸில் இன்னொருவர், ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்து மறுபடி போட்டால்தான் தூரம் என்பார். அப்படிப் பார்த்தால் ஸ்பிளெண்டர்காரன் பாவம், ஆயுசுக்கும் லாங் ரைடு போக முடியாது. அந்த வண்டியில் பத்து லிட்டர் போட்டால் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் கேட்காமல் ஓடும்.

உன் தங்கச்சிக்கு வேறு அளவு. போன பங்குனியில் இரண்டு பேரும் வண்டியில் திருவண்ணாமலை போனோம், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக. 200 கி.மீ. இருக்கும். ஊத்தங்கரையில் டீக்கு இறங்கினவள், வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். “இறங்கினதும் நடக்க ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா அது தூரம். ஆகலைன்னா இல்லை” என்றாள். திரும்பும்போது பஸ்.

சரி, மருமகன் சொல்வது இதெல்லாம் இல்லை. அவன் மனசில் இருப்பது ‘சேடில் சோர்’ என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒன்று இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் நீ சிரிப்பாய், இரும்புப் பிட்டத்தார் சங்கம். 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல் ஓட்டினால் அவர்கள் சான்றிதழ் தருவார்கள். நம் கணக்கில் 1,610 கி.மீ. சீட்டில் உட்கார்ந்து வரும் புண்ணின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள், நேர்மையானவர்கள். வழியில் போட்ட பெட்ரோல் பில் ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் இருக்க வேண்டும். அதற்கு மேலே 36 மணி நேரத்தில் 1,500 மைல். அதையே 24 மணி நேரத்தில் முடிப்பவர்களுக்குத் தனிச் சான்றிதழ். 11 நாளில் 11,000 மைல் போகிற போட்டிகூட நடத்துகிறார்கள். நம்மூர்ப் பையன்கள் நிறையப் பேர் அந்த ஆயிரம் மைலை முடித்திருக்கிறார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவன் அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மேஜையில் வைத்திருக்கிறான். கல்யாண போட்டோ அதற்குப் பின்னால்.

இங்கிருந்து போகிறவர்களுக்கு வழக்கமான வழி புனே. போக 840, வர 840. தும்கூர், சித்ரதுர்கா, தாவணகெரே, ஹுப்பள்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா. அதைத் தாண்டி மும்பைக்கு எக்ஸ்பிரஸ்வேயில் போகலாம் என்றால் அங்கே பைக்குக்கு அனுமதி கிடையாது. அதனால் புனேயோடு திரும்பிவிடுவார்கள்.

இதில்தான் எனக்கு ஒரு சந்தேகம், மருமகனிடம் நீயே கேள். நாலுவழிச் சாலையில் பைக்குக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. என்று 2018-லேயே அரசாங்கம் சொல்லிவிட்டது. பேப்பரும் பேனாவும் எடுத்து 1,610-ஐ 80-ஆல் வகு. இருபது மணி நேரம் வருகிறது. அதுவும் பெங்களூர் டிராபிக், ஊர் நடுவே வரும் வேகத்தடை, கட்டுமான வேலைக்காகத் திருப்பிவிடும் இடம் எதுவுமே இல்லாமல், நூல் பிடித்தாற்போல் 80-இலேயே போனால். நிஜத்தில் அந்த வேகத்தில் போகிறவனுக்குச் சராசரி 70 வந்தால் பெரிசு. 23 மணி நேரம் ஆகிவிடும். மிச்சம் ஒரு மணி நேரத்தில் சாப்பாடு, பெட்ரோல், ஒன்றுக்குப் போவது எல்லாம். தூக்கம் எங்கே? ஆக, ஒன்று சட்டத்தை மீறி ஓட்ட வேண்டும், இல்லை தூங்காமல் ஓட்ட வேண்டும். பல பேர் இரண்டையும் செய்கிறார்கள்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் நல்லது என்று தோன்றும். பகல் முழுக்க ஓட்டி, புனேயில் திரும்பி, ராத்திரி இரண்டு மணிக்குச் சித்ரதுர்காவைத் தாண்டும்போது வீடு இன்னும் 200 கி.மீ. இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள்தான் மனிதனுக்கு உடம்பு தானாகவே அணைந்துபோகிற நேரம். லாரி டிரைவர்களைக் கேள், சொல்வார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் மூளை நாலு வினாடி இருக்காது. 80-இல் போகும் வண்டி அந்த நாலு வினாடியில் கிட்டத்தட்ட 90 மீட்டர் போய்விடும். டீ குடித்தால் சரியாகாது, முகம் கழுவினாலும் ஆகாது. வண்டியை ஓரம்கட்டி, பெட்ரோல் பங்க்கில் வெளிச்சமான இடமாகப் பார்த்து, ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்து இருபது நிமிஷம் படுத்தால்தான் தெளியும். படுத்தால் சான்றிதழ் போய்விடுமே என்று படுக்காமல் வருகிறார்கள் பார், அங்கேதான் எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் 600 கி.மீ.க்கு 40 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். அதில் தூங்கியும் போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கீழ் வீட்டில் ஜோலார்பேட்டைப் பையன் ஒருவன் இருக்கிறான், சாப்பாடு டெலிவரி வேலை. ஒருநாள் சும்மா கேட்டேன், எவ்வளவுடா ஓட்டுகிறாய் என்று. தினம் 140 வரும் அங்கிள் என்றான். மாதம் 26 நாள் என்று வை. 3,600-க்கு மேல். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் நெடுஞ்சாலை முழுக்க ஓட்டினாலே சுமார் 3,700தான். அவன் அதை மாதாமாதம் சில்க் போர்டுக்கும் கோரமங்கலாவுக்கும் நடுவிலேயே ஓட்டி முடிக்கிறான், கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டில் எலாஸ்டிக் பட்டை. அவனுக்கு யாரும் சான்றிதழ் தரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வண்டியில்தானே போவாய் என்றேன். “ஐயோ அங்கிள், ரயில்” என்றான்.

இப்போது நம் கதை. 1990-இல் உன் அண்ணனின் இண்ட்-சுசூகியில் நாம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? இங்கே பெங்களூர் பீன்யாவில் எனக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. ஞாயிறு விடியுமுன் திண்டுக்கல்லில் கிளம்பினோம். அப்போது அது ஏழாம் நம்பர் ரோடு. எதிரே லாரி வந்தால் நம் வண்டி மண்ணில் இறங்கும். கரூர், நாமக்கல், சேலம் வரை ஒழுங்காக வந்தது. தொப்பூர் ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் முக்கிக்கொண்டிருக்கும்போது ‘டக்’ என்றது. நீ கிளட்சைப் பிடித்தாய், லீவர் தொளதொளவென்று ஆடியது. கேபிள் அறுந்துவிட்டது. லீவர் பக்கம் அந்த ஈயக் குண்டு மட்டும் தனியாக உன் உள்ளங்கையில் விழுந்தது. அதை நீ என்னவோ விழுந்த பல்லைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாய்.

மேடு முடியும்வரை தள்ளினோம். அப்புறம் சமதரையில் நீ வண்டியைத் தள்ளி ஓடவிட்டு, ஏறி உட்கார்ந்து இரண்டாவது கியரைப் போட, அது உதறிக்கொண்டு ஸ்டார்ட் ஆக, நான் சர்டிபிகேட் பையோடு பின்னால் ஓடிவந்து தாவி ஏற வேண்டும். மூன்று தடவை தவறவிட்டேன். நாலாவது தடவை பேண்ட் கிழிந்தது. இன்டர்வியூ பேண்ட். தர்மபுரியில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் இல்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்தோம், வண்டி கையெட்டும் தூரத்தில். காலையில் மெக்கானிக் வந்து கேபிள் மாற்றிக் கிளம்பி, ஓசூரில் அந்த வண்டி பிறந்த பேக்டரியைத் தாண்டும்போது நீ அதைத் திட்டிய திட்டு! பீன்யா போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலேயே வேலை கிடைத்தது வேறு விஷயம்.

என் அப்பாவுக்கு நாம் உயிரோடு வந்து சேர்ந்தது எப்போது தெரிந்தது தெரியுமா? வியாழக்கிழமை. போஸ்ட் கார்டு போய்ச் சேர்ந்த பிறகு.

மொத்தம் 370 கி.மீ. இப்போது அதே ரோடு நாலுவழி. டோலில் இடது ஓரமாக நுழைந்து காசு கொடுக்காமல் வந்துகொண்டே இருக்கலாம். போன தடவை உன் வீட்டிலிருந்து ஏழு மணி நேரத்தில் வந்துவிட்டேன். அது தூரமாகவே படவில்லை. தூரம் மாறவில்லை, எனக்கு என்னவோ வேறு ஏதோ மாறியிருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். இப்போது தொப்பூரில் வண்டி நின்றால் சேலத்தில் என் சகலை இருக்கிறார், போன் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆட்டோ பிடித்தாவது வந்துவிடுவார். யாருமே இல்லையென்றாலும் 1033 என்று அடித்தால் நெடுஞ்சாலைக்காரர்கள் எடுக்கிறார்கள். அன்றைக்கு நமக்கு யார் இருந்தார்கள்? ஆகவே மாப்பிள்ளை, என் கணக்கு இதுதான். கூப்பிட்டால் வந்து ஏற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிற வரைக்கும் அது லாங் ரைடு இல்லை. அதற்கு அடுத்த கிலோமீட்டரிலிருந்து தூரம்.

இந்தக் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது, நீ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். மருமகன் போனில் தான் போகிற இடத்தை உனக்குக் காட்டுகிற வசதியைப் போட்டுவிட்டுப் போவான். நீ ராத்திரி முழுக்க அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஹுப்பள்ளிப் பக்கம் அது அரைமணி நேரம் நகராமல் நின்றால் உனக்கு உயிர் போகும், அவன் அங்கே தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கு அது ரைடு. தூரம் என்னவோ உனக்குத்தான். என் அப்பாவுக்கு நாலு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்தது மோசமா, இது மோசமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவனைத் தடுக்காதே. தடுத்தால் சொல்லாமல் போவான், நாம் போகவில்லையா? முதலில் இங்கே வரச் சொல். புனேதான் போவேன் என்றால் இரண்டு நாளாகப் பிரித்து, கோலாப்பூரில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வரட்டும், ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும். இது இரண்டும் இல்லாமல் என்னோடு கன்னியாகுமரிக்கு வருகிறான் என்றாலும் சரி. இங்கிருந்து 650-க்கு மேல், என் வேகத்துக்கு இரண்டு நாள், நடுவில் உன் வீட்டில் படுக்கை. மைசூர் வழியாகச் சுற்றிப் போகலாம் என்பான். வேண்டாம். 2023 ஆகஸ்டிலிருந்து அந்தப் பெரிய ரோட்டில் பைக்கை விடுவதில்லை, சர்வீஸ் ரோட்டில் வேகத்தடை எண்ணியே நாள் போய்விடும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல். புதுக் கிளட்ச் கேபிள் ஒன்று வாங்கி, பழைய கேபிளோடு ஒட்டினாற்போல் வைத்து இன்சுலேஷன் டேப் சுற்றிவிடச் சொல். அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றினால் போதும், பத்து நிமிஷ வேலை. புது வண்டி மாமா, அதெல்லாம் அறாது என்பான். உன் அண்ணனும் அப்படித்தான் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

வரும்போது நம்மூர் மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்கிவரச் சொல், பெரிசாக. மாடிக் கதவுக்கு. போன தடவை நீ கொடுத்த பூட்டு கல் மாதிரி அப்படியே தொங்குகிறது, சாவியைத்தான் திருவண்ணாமலையில் எங்கேயோ போட்டுவிட்டோம்.

அன்புடன்,
உன் பழைய பின்சீட்டுக்காரன்