தம்பிக்கு: கடலடிப் படங்களில் சிவப்பை மீட்பது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இந்த நாட்டு வாழ்க்கை எப்படி, என்ன வேலை என்று கேட்டிருந்தாய். குளிர்காலம் தொடங்கிவிட்டது, மாலை 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. நிறம் பார்க்கிற வேலைக்கு ஜன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. அதனால் சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே, 5000 கெல்வின் விளக்குப் பெட்டிக்கு முன்னால்தான் பகல் போகிறது. கடலுக்கடியில் பிலிமில் எடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து நிறம் திருத்துவதுதான் வேலை. இங்கே பல வீடுகளில் நிக்கோனாஸ் என்ற நீரடிக் கேமராவில் எடுத்த ஸ்லைடுகள் (நிறம் நேராகவே தெரியும் பாசிட்டிவ் பிலிம்) பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நீயும் ஸ்கேனர் வாங்கியிருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. சுத்தமான நீரிலேயே 5 மீட்டர் கடந்தால் 650 நானோமீட்டர் சிவப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 450 நானோமீட்டர் நீலத்தில் 100க்கு 95 பங்கு வந்து சேரும். ஆழத்தை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். மேற்பரப்பிலிருந்து பொருளுக்கும் அங்கிருந்து லென்ஸுக்கும் ஒளி வந்த மொத்தத் தூரத்தைக் கூட்ட வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் 1 மீட்டர் தள்ளி நிற்கும் மீனுக்கு 6 மீட்டர். அதே ஆழத்தில் 8 மீட்டர் தள்ளியிருக்கும் பாறைக்கு 13. படம் முழுவதற்கும் ஒரே திருத்தம் போட்டால் ஏன் சரிவராது என்பது இதிலேயே தெரியும்.

ஸ்கேன் செய்யும் முன் ஸ்லைடை அதன் சட்டத்திலிருந்து எடுத்து, படம் பதியாத ஓரத்தைப் பார். அது நல்ல கறுப்பாக இருந்தால் படத்தில் தெரியும் நீலம் தண்ணீர் தந்தது. ஓரம் செம்மண் நிறமாகக் கசிந்தால் பிலிமின் சியான் சாயமே (சிவப்பைத் தடுக்கும் நீலப்பச்சைச் சாயம்) வெளிறிவிட்டது. 1970களின் நடுப்பகுதிக்கு முந்தைய எக்டாக்ரோம் என்ற கோடாக் ஸ்லைடு பிலிமில் இது சகஜம். இரண்டும் சேர்ந்த ஸ்லைடு ஏமாற்றும்: சாயம் வெளிறியதால் வந்த சிவப்பு தண்ணீரின் நீலத்தைப் பாதி மறைத்துவிடும், பார்ப்பவருக்கு நிறம் ஏறக்குறையச் சரியாக இருப்பதுபோல் தோன்றும். இரண்டையும் தனித்தனியாகத்தான் திருத்த வேண்டும். சாயம் வெளிறினால் பாதிப்பு நிழல்களில் அதிகம். ஆகவே சிவப்பு சேனலின் (படத்தின் சிவப்புப் பங்கு மட்டும் உள்ள அடுக்கு) கறுப்பு முனையை, அதாவது எந்த அளவு முழுக் கறுப்பாகும் என்ற எல்லையை, உள்ளே நகர்த்தி, அந்த ஓரம் நடுநிலைக் கறுப்பாகும்வரை முதலில் சரிசெய். தண்ணீர் தின்ற சிவப்பு வெள்ளை முனையில் குறையும். அதை அடுத்துப் பார்க்கலாம்.

ஸ்லைடும் நெகட்டிவும் இதில் நேர் எதிர். ஸ்லைடில் சிவப்பு ஒளி படாத இடத்தில் சியான் சாயம் முழு அடர்த்தியாக நிற்கும். ஸ்கேனர் அதைத் துளைத்துப் பார்க்க வேண்டும். கூல்ஸ்கேன் போன்ற எல்இடி ஸ்கேனரில் அனலாக் கெயினில் (ஸ்கேன் செய்யும்போது தரும் ஒளியளவு) சிவப்பை மட்டும் ஏற்று. ஒவ்வொரு புள்ளியையும் 8 அல்லது 16 முறை மாதிரி எடுக்கும்படி வை. ஃபிளாஷ் பட்ட இடத்தில் சிவப்பு உச்சியில் முட்டுகிறதா என்று ஹிஸ்டோகிராமில் (ஒளியளவு வரைபடத்தில்) கவனி. நெகட்டிவில் சிவப்பைப் பதியும் படலம் மிக மெலிதாக, அடிமூட்டத்தோடு (ஒளி படாமலே பிலிமில் இருக்கும் லேசான கருமை) ஒட்டிக்கிடக்கும். துளைப்பது சுலபம், ஆனால் உள்ளே கிரெயினை (பிலிமின் மணல்மணலான சொரசொரப்பை) தவிர அதிகம் இருக்காது. நெகட்டிவில் எடுப்பவர்களிடம் ஒரு ஸ்டாப் கூடுதலாக, அதாவது இரு மடங்கு, ஒளி கொடுக்கச் சொல்வது இதனால்தான். ஸ்லைடுக்கு அந்த யோசனை ஆகாது. வெளிச்சப் பகுதிகள் வெந்துபோகும்.

எதுவானாலும் தானியங்கி நிறத்திருத்தத்தை அணைத்துவிட்டு, 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமி. 8 பிட்டில் சிவப்பை இழுத்தால் படிப்படியாக உடைந்து தெரியும். அகச்சிவப்பு தூசி நீக்கம் ஈ-6 முறையில் கழுவிய ஸ்லைடுகளுக்கும் சி-41 முறையில் கழுவிய நெகட்டிவுகளுக்கும் உதவும். கோடாக்ரோம் ஸ்லைடில் விளிம்புகளைக் கெடுக்கலாம். ஃபிளாஷில் மின்னிய மிதக்கும் துகள்கள் இதில் போகாது. அவை சாயத்திலேயே பதிந்த உருவம். கையால்தான் எடுக்க வேண்டும்.

இப்போது வெள்ளை முனை. ஹிஸ்டோகிராமில் சிவப்பு சேனலின் புள்ளிகள் எங்கே முடிகின்றனவோ அதுவரை முனையை இழு. நடுநிலைக்கு ஆதாரமாக முன்னால் கிடக்கும் பவள மணலையோ, முக்குளிப்பவரின் வண்ணம் பூசாத சிலிண்டரையோ எடு. கிரெயின் ஏமாற்றாமல் இருக்க 5×5 புள்ளிகளின் சராசரியைப் பார். பின்னால் தெரியும் தண்ணீரை ஆதாரமாக எடுத்துவிடாதே. கடல் சாம்பலாகிவிடும், அதன்பின் எதுவும் கடலாகத் தெரியாது.

சிவப்பு சேனல் ஏறக்குறையக் காலி என்றால் சேனல்களைக் கலக்கும் சேனல் மிக்சரில் பச்சையிலிருந்து கடன் வாங்கலாம். 70 சிவப்பு, 30 பச்சை என்று தொடங்கு. சிவப்பும் பச்சையும் முழுக்க ஒன்றானால் படத்தில் மஞ்சளும் நீலமும் சாம்பலும் தவிர வேறு நிறமே மிஞ்சாது. மணலும் மனிதத் தோலும் பார்க்கச் சரியாக இருக்கும். சிவப்புக் கடற்பஞ்சு மட்டும் திரும்பி வராது. பதிவாகாத நிறத்தைத் தூரிகையால் தீட்டித் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இழுத்த சிவப்பில் கிரெயின் பெருகும். திருத்திய லேயரை நிறம் மட்டும் கலக்கும் முறையில் வைத்தால் ஒளியளவு பழைய படத்திலிருந்தே வரும், சொரசொரப்பு அடங்கும். இன்னும் இருந்தால் சிவப்பு சேனலை மட்டும், 4000 டிபிஐ ஸ்கேனில் 1 அல்லது 2 புள்ளி அளவுக்கு மெல்ல மழுக்கு.

கடைசியாக மாஸ்க், அதாவது திருத்தம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று வரையும் மறைப்பு. திருத்தம் அருகிலுள்ள பொருள்களில் முழுதாகவும், தூரம் போகப்போகக் குறைந்தும் விழ வேண்டும். அடிவானத் தண்ணீரில் பூஜ்யம். ஃபிளாஷ் பட்ட இடத்தைத் தனி மாஸ்கில் பிரித்துவிடு. அங்கே ஒளி ஃபிளாஷிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து லென்ஸுக்கும் வந்த தூரத்தை மட்டும் கடந்திருக்கிறது. மற்ற இடத்துக்கான சிவப்பை அங்கேயும் கொடுத்தால் மீன் ஆரஞ்சாக எரியும்.

நீ முதலில் செய்யும் ஸ்கேனை அந்தக் கறுப்பு ஓரத்தோடு சேர்த்து, திருத்தாமல் எனக்கு அனுப்பு. ஓரத்தின் மூன்று சேனல் எண்களையும் பார்த்து எங்கே தொடங்குவது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா