சக்கர நாற்காலி முதலில் ஏறட்டும்

மடிப்பாக்கம், சென்னை
ஞாயிறு மதியம்

அன்புள்ள கார்த்தி,

ஊருக்குத் திரும்பியதும் வாங்கலாம் என்று நீ அனுப்பிய பழைய காரின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம பழைய மரினா கார் மாதிரியே இருக்கே" என்றார். அப்புறம் வெகுநேரம் போனைத் திருப்பித் தரவே இல்லை. இப்போது தூங்குகிறார். எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவர் காதில் விழக்கூடாத சமாசாரம் ஒன்று இதில் இருக்கிறது.

முதலில் ஒன்று. அந்த பெங்களூர் வண்டி, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, வேண்டாம்டா.

ஜெர்மனியில் இத்தனை வருடம், கூரை பின் கதவுவரை நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் எஸ்டேட் காரே ஓட்டியவனுக்கு வேறு எதுவும் கார் மாதிரித் தெரியாது, புரிகிறது. அங்கே தெருவுக்கு நாலு நிற்கும். இங்கே அது ஓடவே இல்லை. டாடா 2004-ல் இண்டிகோ மரினாவைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் மாருதி பலீனோ ஆல்டுராவைப் போட்டுப் பார்த்தது. எதுவும் நிலைக்கவில்லை. நாம் மரினா வாங்கி வாசலில் நிறுத்தியதும் உன் பாட்டி, "எதுக்குடா ஆம்புலன்ஸ் வாங்கியிருக்க?" என்று அப்பாவைக் கேட்டது நினைவிருக்கிறதா? பாட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் பார்த்த நீளமான அம்பாசிடர் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவைதான். 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு மட்டும் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அப்புறம் கம்பெனிகள் காரின் வாலை வெட்டவே வழி பார்த்தன. வாலை நீட்டி விற்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் காம்பிக்குப் பதினைந்து வருடம் தாண்டிவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். கர்நாடக வண்டி என்பதால் அங்கே ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். நம்பர் போட வேண்டும். இதையெல்லாம் எப்படியாவது முடித்துவிடலாம் என்றே வைத்துக்கொள். ஒருநாள் பின் கதவுக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வாய்? பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும் என்று அப்பா சொல்வார். அந்தக் கண்ணாடி கிடைக்க, இன்னொரு காம்பி அங்கே உடைப்புக்கு வந்திருக்க வேண்டுமே.

இதையெல்லாம் விடு. உன் வீட்டில் நாலு பேர், நாங்கள் இரண்டு பேர். காம்பியில் ஐந்து பேர்தான் உட்காரலாம். ஆறாவது ஆள் நான்!

அப்பா முன் சீட்டில், நீ ஸ்டியரிங்கில், நித்யாவும் குழந்தைகளும் நடுவில். அப்பாவின் சக்கர நாற்காலி டிக்கியில். நான் என்ன, பஸ்ஸில் பின்னாலேயே வரவா? அதனால்தான் ஏழு சீட் வண்டி பார் என்கிறேன். எர்டிகாவில் கடைசி வரிசை இரண்டு பாதியாக மடங்குகிறது. ஒரு பாதியை மடித்து நாற்காலியை நிறுத்தினால் மறு பாதியில் நான் உட்கார்ந்துகொள்வேன். நீங்கள் நாலு பேர் மட்டும் போகிற நாளில் இரண்டு பாதியையும் மடித்துவிடு, 550 லிட்டர் டிக்கி. உன் எஸ்டேட் கார் அதுதான். மடிக்காமல் விட்டால் 209 லிட்டர், இரண்டு பைகூடச் சரியாக நிற்காது. இந்தக் கணக்கு 2018 நவம்பருக்கு அப்புறம் வந்த மாடலுக்கு. 2012-ல் வந்த முதல் எர்டிகாவில் 135 லிட்டர்தான். சி.என்.ஜி. வண்டி பக்கமே போகாதே, சிலிண்டர் நாற்காலியின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

இன்னோவா என்பாய். எனக்கும் ஆசைதான். நம் அபார்ட்மெண்டில் தூணிலிருந்து சுவர்வரை டேப் வைத்து அளந்தேன், 15 அடி 2 அங்குலம். எர்டிகா 14 அடி 5 அங்குலம், அடங்கிவிடும். இன்னோவா கிரிஸ்டா 15 அடி 6 அங்குலம். மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், செக்ரட்டரி தினமும் வந்து பெல் அடிப்பார்.

அப்பா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நாற்காலியிலிருந்து அவர் பக்கவாட்டில் நகர்ந்துதான் காரில் ஏறுகிறார். கார் சீட்டும் நாற்காலியும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் என் ஒருத்தி கை போதும். போன மாதம் உன் சித்தப்பாவின் தாழ்ந்த காரில் ஏற்றிவிட்டு, இறக்க வாட்ச்மேனையும் இஸ்திரிக்காரரையும் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. அப்பா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

சரி, இப்போது அந்தச் சமாசாரம்.

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி ஜாபர்கான்பேட்டை வீட்டில் அடையாற்று வெள்ளம் உள்ளே வந்தபோது நீ புனேயில் போன் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாய். மரினா சீட் உயரத்துக்கு மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் அப்பா செய்த முதல் காரியம், சாவியைத் திருப்பியதுதான். நான் மாடியிலிருந்து "வேண்டாங்க, வேண்டாங்க" என்று கத்தினேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். என்ஜினுக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாதே, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். இன்சூரன்ஸ் ஆபீஸில் மோட்டார் கிளெய்ம் மேஜையில் இருபது வருடம் உட்கார்ந்தவளின் புருஷன் அப்படிச் செய்தார். மறுவாரம் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், முழு நஷ்டம் என்று கணக்கு. பழைய வண்டி, அதைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும்? பணம் வந்தது. வண்டி, சேதமான வண்டிகளை விற்கும் சால்வேஜ் ஏலத்துக்குப் போனது.

நான்கு மாதம் கழித்து ஆபீஸ் விஷயமாக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் சிக்னல் விழுந்தது. ஓரத்தில் பழைய கார் விற்கும் இடம், முன் வரிசையில் மரினா. நம்பரைப் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து கிரைண்டர் ஏற்றி வந்தபோது பின் கதவில் விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. இறங்கிப் போனேன். உள்ளே மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. புது சீட் கவர், பளபளவென்று டாஷ்போர்டு. விற்கிற பையன், "சிங்கிள் ஓனர் மேடம், டாக்டர் வண்டி" என்றான். அந்த ஆர்.சி.யில் நமக்கு முன்னாலேயே ஒருவர் பெயர் உண்டு. நம் வீட்டில் டாக்டரும் கிடையாது.

டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். சாதாரணமாக நெஞ்சுவரை வரும் பாகம் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது. விடாமல் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு சாண் நீளம் மட்டும் சேறு காய்ந்து, விறைத்து, ஓரத்தில் ஒரு கோடாக வந்தது. ஆற்றுச் சேறு. வீட்டில் மூன்று வாரம் கழுவிய அதே நிறம்.

பையனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். அன்று மாலை அந்த வண்டியை யாராவது குடும்பத்தோடு வந்து பார்த்திருப்பார்கள். அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் மனதில் மரினா எங்கேயோ உடைத்து இரும்பாகிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனை வண்டி மூழ்கியது என்று உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வந்தாலே ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதவர்களின் வண்டியும் சந்தைக்குத்தான் வரும். அதனால் யார் எது சொன்னாலும் ஏழு பெல்ட்டையும், கடைசி வரிசை இரண்டையும் சேர்த்து, கடைசிவரை இழுத்துப் பார். சீட்டை முன்னால் தள்ளிவிட்டு அடியில் இருக்கும் போல்ட் தலைகளை டார்ச் அடித்துப் பார். சென்னைக் காற்றுக்கு அடிப்பாகத்தில் கொஞ்சம் துரு இருக்கத்தான் செய்யும், திருவான்மியூர் வண்டி என்றால் கூடுதலாகவே இருக்கும். ஆனால் கார்ப்பெட்டுக்குள்ளே, சீட் தண்டவாளத்தில் துரு ஏறினால் அது கடற்காற்று இல்லை. வாசனை பலமாக இருந்தால் ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிடம் வெயிலில் விடச் சொல். உண்மையான வாசனை தானே வெளியே வரும். என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று நீயே குனிந்து பார், படம் அனுப்பச் சொல்லி நம்பாதே.

இன்னொரு வித்தை சொல்கிறேன், இது எங்கள் மேஜை வித்தை. விற்பவரிடம் பழைய பாலிசி காப்பிகளைக் கேள், கடைசி ஒன்று மட்டும் போதாது. கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறும். ஒரே ஓனர் வண்டியில் 35 இருந்து அடுத்த வருடம் பூஜ்யம் என்றால் நடுவில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார். 2024-ல் புதுப்பித்த பாலிசியில் பூஜ்யம் என்றால் 2023 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்று கேள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேள்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். காலையில் என்ஜின் சூடாகும் முன் போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்வது, டயரில் இருக்கும் நாலு இலக்கத்தில் வாரமும் வருடமும் பார்ப்பது, இதெல்லாம் அப்பா உனக்குப் பத்தாவது படிக்கும்போதே சொல்லிக்கொடுத்தார். மஞ்சள் போர்டில் டாக்ஸியாக ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்று மட்டும் விசாரி, எர்டிகாவில் அது நிறைய. லோன் இருந்திருந்தால் ஆர்.சி.யில் இருக்கும் பேங்க் கடன் குறிப்பு, ஹெச்.பி., கேன்சல் ஆகியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு ஃபார்மிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீயே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போ, புரோக்கரிடம் விட்டுவிட்டு வராதே. பாலிசியைப் பதினாலு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்று. பழைய ஓனர் பெயரிலேயே பாலிசியை வைத்துக்கொண்டு, இடித்த வண்டிக்குப் பணம் கேட்டு வந்து நின்றவர்களை நான் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அழுதவர்களும் உண்டு.

நாற்காலியை மடித்து அளந்துவிட்டேன். கால்பலகையைக் கழற்றினால் நீளம் 32 அங்குலம், உயரம் 36, தடிமன் 12. எடை 17 கிலோ. நீ வந்ததும் வண்டி பார்க்கப் போகிற இடத்துக்கெல்லாம் அதையும் கொண்டுபோவோம். விற்பவர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்க்கட்டும். முதலில் அது ஏறட்டும், அப்புறம் விலை பேசலாம்.

நித்யாவிடம் குழந்தை சீட்டை அங்கேயே விற்றுவிட வேண்டாம் என்று சொல். 2018-க்கு அப்புறமான எர்டிகாவில் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, மாட்டிக்கொள்ளலாம்.

அப்பா எழுந்துவிட்டார், காபி கேட்கிறார். இதை ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணிவைக்காதே. காம்பி ஏன் வேண்டாம் என்று அவர் கேட்டால், பார்க்கிங்கில் அடங்காது என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா