ஜெர்மன் பி1: ஞாயிறு எழுத்துப் பயிற்சி

வணக்கம் தோழிகளே! நம்ம நர்சிங் பேட்ச்சில் ஜெர்மனிக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும். வரும் ஞாயிறு, 12ஆம் தேதி, காலை 10 மணி, கூகுள் மீட்.

1. கோத்தே நிறுவனத்தின் பி1 (இடைநிலை) ஜெர்மன் தேர்வு மாதிரியே 60 நிமிடம், 3 பகுதி: நண்பருக்கு மெயில் 80 சொல், சொந்தக் கருத்து 80, மரியாதையான மெயில் 40.
2. மூன்றாவதில் 'ஸீ' (Sie, நீங்கள்)தான், 'டூ' (du, நீ) வேண்டாம்.
3. 'வைல்' (weil, ஏனென்றால்) வந்தால் வினைச்சொல் கடைசியில். தமிழிலும் அப்படித்தானே, இருந்தும் போன முறை பாதிப் பேர் சறுக்கினோம் (நானும்தான்).
4. தாளில் எழுதி, 11.10க்குள் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடவும். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது. நைட் டியூட்டி இருந்தால் சொல்லுங்கள், மாலை 6 மணிக்கு இன்னொரு முறை வைக்கிறேன்.